கன்னிக்காலுக்கு ஒரு முருக்கந்தடி

மார்ச் 9, முள்ளியவளை

ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தா. "தம்பி, ஒருக்கா வந்து பார். முருக்கிலை முழுக்கக் கொப்புளம்." வடக்கு வேலி முள்முருக்குகள் பூத்து முடிந்து தளிர்த்திருக்கின்றன. அதைத் தளிர் என்று சொல்லவே வாய் வரவில்லை. இலை சுருண்டு, காம்பு வீங்கி, முண்டு முண்டாகத் தொங்குகிறது. பக்கத்தில் நிற்கும் பூவரசிலும் கிளுவையிலும் ஒரு பழுதும் இல்லை.

மார்ச் 10

ஒரு முண்டை பிளேட்டால் பிளந்தேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள், வெள்ளைப் புழுக்கள். சில முண்டுகளில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. உள்ளே இருந்தது பறந்துவிட்டது.

இரவு முழுக்க இதைப் பற்றித்தான் வாசித்தேன். இது ஒரு குளவி, ஒன்றரை மில்லிமீற்றர்தான் இருக்கும். பிறப்பிடம் கிழக்கு ஆபிரிக்கா. குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று அதற்குப் பெயர் வைத்ததே 2004இல்தான். அதற்குள் சிங்கப்பூர், மொரீசியஸ், ரியூனியன் என்று பரவிவிட்டது. 2005இல் ஹவாய். இளந்தளிரில் முட்டையிடும், ஏறக்குறைய 20 நாளில் அடுத்த தலைமுறை பறக்கும். முருக்கு இனத்தைத் தவிர வேறு மரத்தைத் தொடாது. பூவரசு தப்பியது அதனால்தான்.

மார்ச் 17

"தறிச்சுப்போட்டு சீமைக்கிளுவை நடு, ஒரு மாரிக்குள்ள வேலி அடைஞ்சிடும்" என்கிறார் மாமா. வேலிக்குச் சரி. வைகாசியில் தங்கச்சிக்குக் கலியாணம். கலியாணத்துக்கு ஊன்றும் முருக்கந்தடிதான் கன்னிக்கால். அதற்கும் சீமைக்கிளுவையா ஊன்றுவது?

ஈசான மூலையில் நிற்கிற பெரிய முருக்கு அம்மாவின் கலியாணத்துக்கு ஊன்றிய கன்னிக்கால். 2009இல் வளவை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணற்றுக்கட்டும் இல்லை. அந்த மரம் மட்டும் சிவக்கச் சிவக்கப் பூத்து நின்றது. அம்மா வந்ததும் போய்த் தொட்டது அதைத்தான். இன்று அதன் மேல்கொப்பிலும் முண்டு கண்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 24

ஹவாயில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை மரத்துக்குள்ளேயே ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இந்தக் குழையைத்தான் ஆடு தின்கிறது, இந்தப் பூவுக்குத்தான் மைனாவும் தேனீயும் வருகின்றன.

2008இல் அங்கே தான்சானியாவிலிருந்து இன்னொரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் புழு முண்டுக்குள் இருக்கும் புழுக்களைத் தின்னும். ஹவாயின் சொந்த முருக்கு விலிவிலி. அது திரும்பவும் தளிர்த்தது. பூவிலும் காயிலும் மட்டும் தொல்லை முற்றாக விடவில்லை. அதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டிய வேலை. என்னிடம் இருப்பது கத்தி ஒன்றுதான். வீங்கிய கொப்பெல்லாம் வெட்டி உடனேயே எரித்தேன். குப்பைக் கிடங்கில் போட்டால் குளவி வெளியே வந்துவிடும்.

ஏப்ரல் 21

உழவு மெசின் பெட்டி நிறைய முருக்கங் கதியால், வேலிக்கு நடுகிற தடிகள், குழையோடு. மறித்து, எங்கே என்று கேட்டேன். நெடுங்கேணியில் புது வேலிக்காம். முண்டைப் பிளந்து காட்டினேன். பாவம், மெசின் ஓட்டிவந்தவருக்குத் தெரியாது. தெரிந்ததும் அவரே இறங்கிக் குழையை உருவினார். ஒரு மணித்தியாலம் போனது. எல்லாவற்றையும் ஒழுங்கை ஓரத்திலேயே எரித்தோம்.

இந்தக் குளவியை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிவதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. முண்டில்லாத முற்றின தடியாகப் பார்த்து வெட்டுங்கள், குழையை அங்கேயே உருவி எரித்துவிட்டுக் கொண்டுபோங்கள். வாசிக்கிற எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

மே 26

கன்னிக்கால் ஊன்றியாயிற்று. தடி அம்மாவின் மரத்திலிருந்துதான், முண்டு ஏறாத அடிக்கொப்பு. வெட்டும்போது அம்மா பக்கத்திலேயே நின்றா. மேல்கொப்பை அண்ணாந்து பார்த்தா, ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 19

சோளகக் காற்று மண்ணை உலர்த்துகிறது. தங்கச்சி காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறாள். தடியில் நாலு முளை. மூன்று நல்ல பச்சை. நாலாவதின் காம்பு கொஞ்சம் தடித்திருந்தது. கிள்ளி அடுப்பில் போட்டேன். இனி 20 நாள் பார்க்கவேண்டும்.