தடம் இருக்கிறது, வண்டி இல்லை

13 அக்டோபர் 2024, ஞாயிறு

அந்த வெற்றுத் தடத்தின் மேல் என்ன ஓட வேண்டும் என்ற வாதம் இன்று மதியம் மீண்டும் எழுந்தது. அண்ணன் மகனுக்கு வேகம் வேண்டும். சித்தப்பாவுக்குத் தூண்களோடு சேர்த்து முழுவதையும் இடித்துவிட வேண்டும். அப்பா கண்களை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவின் அனாஹைமில் உள்ள டிஸ்னிலேண்டில் 1967 ஜூலை 2 அன்று ஓடத் தொடங்கி, 1995 ஆகஸ்ட் 21 அன்று நிறுத்தப்பட்ட பீப்பிள்மூவர் என்ற, உயர்ந்த தடத்தின் மேல் மெதுவாக ஓடிய சவாரி வண்டியைப் பற்றித்தான் பேச்சு. இதைவிட முக்கியமான எதுவும் இந்த வாரம் எங்கள் வீட்டில் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

15 அக்டோபர், செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அப்பாவின் பரிசோதனை முடிவு பற்றிக் கூடத்திலிருந்து அழைப்பு வரவில்லை.

17 அக்டோபர், வியாழன்

அப்பா நன்றாக உறங்கினார். எழுந்ததும், அந்த வண்டிக்கு எஞ்சின் எங்கே இருந்தது என்று அண்ணன் மகனிடம் கேட்டார். விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வி அது, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடமும் இப்படித்தான் கேட்டிருப்பார். வண்டியில் எஞ்சின் கிடையாது. தடத்திலேயே சிறு இடைவெளிகளில் ரப்பர் சக்கரங்களைப் பதித்து, அவற்றை மின்மோட்டார்களால் சுழற்றினார்கள். ஒரு சக்கரம் பெட்டியின் அடிப்பாகத்தைப் பற்றித் தள்ளி அடுத்த சக்கரத்திடம் ஒப்படைத்துவிடும். டயர்கள் என்பதால் குட்இயர் நிறுவனமே தொடக்கத்தில் அதன் புரவலராக இருந்தது. நிலையத்திலும் வண்டி நிற்பதில்லை. ஏறும் மேடை பெரிய வட்டமாக, வண்டியின் வேகத்துக்கு இணையாகச் சுழன்றுகொண்டே இருக்கும். மேடையில் கால் வைத்தவருக்கு வண்டி நிற்பதுபோல் தோன்றும். வண்டிகள் நில்லாமல் வந்துகொண்டே இருந்ததால் மக்கள் வரிசையும் நகர்ந்துகொண்டே இருந்தது.

வால்ட் டிஸ்னி இதை வெறும் வேடிக்கைக்காக நினைக்கவில்லை. புளோரிடாவில் தாம் எழுப்ப விரும்பிய நகரத்தின் பொதுப் போக்குவரத்துக்கு இதை ஒரு முன்னோட்டமாகவே கருதினார். அது ஓடத் தொடங்குவதைக் காணாமலே 1966 டிசம்பரில் மறைந்தார்.

மூடப்பட்ட ஒன்றின் இடத்தில் எதை வைக்கலாம் என்று பேசுகிறவர்கள், அந்த ஒன்று அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம். பீப்பிள்மூவர் யாரையும் அலறவைக்கவில்லை. டுமாரோலேண்ட் என்ற அந்தப் பகுதியின் தலைக்கு மேல் ஓயாமல் ஏதோ ஒன்றை நகர்த்திக்கொண்டிருந்தது. களைத்தவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தது. பக்கத்துச் சவாரிகளின் கட்டடங்களுக்குள் புகுந்து வெளியேறி, அடுத்து எதில் ஏறலாம் என்று காட்டியது. இந்த மூன்று வேலைகளையும் செய்யாத எதுவும் எனக்கு மாற்று ஆகாது.

20 அக்டோபர், ஞாயிறு

அண்ணன் மகன் ரோலர் கோஸ்டர் படங்களோடு வந்தான். மாமல்லபுரம் சாலையிலுள்ள பூங்காக்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கியவன், மெதுவாகப் போகும் ஒரு வண்டிக்காக யார் விமானம் ஏறிப் போவார்கள் என்கிறான். நான் பதில் சொல்வதற்குள் அப்பா அவனிடம் ஒரு தாளும் பென்சிலும் கேட்டார்.

வேகத்தை அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். 1998 மே 22 அன்று ராக்கெட் ராட்ஸ் என்ற பெயரில், அதே தூண்கள், அதே வளைவுகளின் மேல், விரைந்து பாயும் நீண்ட வண்டிகளை ஓடவிட்டார்கள். பீப்பிள்மூவர் ஏறத்தாழ 16 நிமிடங்களில் உலவி வந்த பாதையை அவை சுமார் 3 நிமிடங்களில் முடித்தன. அப்பா தாளில் ஒரு வளைவை வரைந்து காட்டினார். ரயில் வேகமாகத் திரும்ப வேண்டுமென்றால் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உட்பக்கத்தைவிடச் சற்று உயர்த்திப் போட வேண்டும். அப்போதுதான் எடை தடத்தின் மேல் சரியாக இறங்கும். மெதுவான வண்டிக்காகக் கட்டப்பட்ட அந்தத் தடத்தில் வளைவுகளுக்குச் சாய்வே கிடையாது. அதைச் சாய்த்துக் கட்டப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஆகவே ராக்கெட் ராட்ஸ் நேர்பாதையில் பாய்ந்து, ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வேகத்தைக் குறைத்து, மீண்டும் பாய்ந்து, மீண்டும் குறைத்து, டயர்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அடிக்கடி பழுதாகி நின்றது. 2000 செப்டம்பரில் நிறுத்தினார்கள். திரும்ப ஓடாது என்பதை 2001இல் அறிவித்தார்கள்.

அன்றிலிருந்து தடம் காலியாகத்தான் நிற்கிறது. அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "வண்டியை நீ தேர்ந்தெடுக்கலாம் கண்ணா, வளைவு எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டது," என்றார். அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு போதவில்லை.

23 அக்டோபர், புதன்

முடிவு வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.

27 அக்டோபர், ஞாயிறு

வெள்ளிக்கிழமை போய்விட்டது, இனித் தீபாவளிக்குப் பிறகுதான்.

பாட்டியை நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1994 கோடையில் சித்தப்பா எங்களை அழைத்துப் போனபோது, மற்றவர்கள் எதில் ஏறினாலும் பாட்டி கைப்பையோடு கீழே பெஞ்சில் காத்திருந்தார். பீப்பிள்மூவரில் மட்டும்தான் ஏறினார். பட்டுப் புடவையின் கொசுவத்தை ஒரு கையிலும் என் தோளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அந்தச் சுழலும் மேடையில் அடி வைத்தார். அதன்பின் அவருக்கு அந்தப் பூங்கா முழுவதும் சொந்தமாகிவிட்டது. நீர்மூழ்கிகள் மிதந்த குளத்தையும், எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் குறுக்கிட்ட மோனோரயிலையும், கீழே எறும்புச் சாரையாய் நின்ற கூட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பயணத்தில் அவர் யாருக்காகவும் காத்திருக்காமல், தானும் ஒரு விருந்தினராக இருந்த நேரம் அதுதான்.

வேகமான சவாரி வேண்டும் என்பவர்களோடு எனக்குப் பகை இல்லை. அவர்களுக்கு அதே பூங்காவில் ஸ்பேஸ் மவுண்டன் இருக்கிறது. 1977இலிருந்து இருட்டுக்குள் ஓடுகிறது. ஒரு குடும்பத்தில் எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறக்கூடிய சவாரிகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்பதே என் கேள்வி. உயர அளவுகோலைக் காட்டிக் குழந்தையைத் தடுத்து, இதயநோய் எச்சரிக்கைப் பலகையைக் காட்டிப் பெரியவரைத் தடுத்து, நடுவயதினரை மட்டும் ஏற்றிச் செல்லும் இன்னொரு சவாரியை அந்தத் தடத்தின் மேல் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

31 அக்டோபர், வியாழன். தீபாவளி

வெடிப் புகையால் சன்னல்களை அடைத்து வைத்திருக்கிறோம். அப்பா இரண்டு வாய் லேகியம் சாப்பிட்டார். ஹூஸ்டனைப் பற்றி நாளை சொல்கிறேன் என்றார்.

3 நவம்பர், ஞாயிறு

சித்தப்பாவின் வாதத்துக்கு இன்று முறையாகப் பதில் சொன்னேன். ஓடாத தடத்தை வைத்திருப்பது, எதிர்காலத்தைக் காட்ட வந்த இடத்தில் தோல்வியைக் காட்சிக்கு வைப்பதாகும். அதை இடித்தால் வெளிச்சமும் மரமும் வரும், பாதைகளும் அகலமாகும் என்கிறார் அவர். இது நேர்மையான வாதம். ஆனால் இதே ஆதம்பாக்கத்தில் இருந்துகொண்டு அவர் அதைச் சொல்வதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து பரங்கிமலை வரை 5 கிலோமீட்டர் நீட்டிக்கும் பணி 2008இல் தொடங்கியது. ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நிலத்தின் வழக்கால், மற்ற தூண்களெல்லாம் எழுந்து நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் ரயில் வரவில்லை. இடித்துவிடுங்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. எப்போது ஓடும் என்றுதான் கேட்டார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் கேட்டார்.

அப்பா ஹூஸ்டன் கதையைச் சொல்லி முடித்தார். புளோரிடாவின் மேஜிக் கிங்டமில் 1975 ஜூலை 1 அன்று தொடங்கிய பீப்பிள்மூவர் இன்றும் ஓடுகிறது. அதில் டயர்களுக்குப் பதிலாக லீனியர் மோட்டார்கள் இருக்கின்றன. தடத்திலுள்ள மின்காந்தங்கள் பெட்டியின் அடியிலுள்ள தகட்டைத் தொடாமலே தள்ளுகின்றன. தேய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. அதே முறையில் ஹூஸ்டன் விமான நிலையத்தின் முனையங்களுக்கு இடையே, தரைக்கு அடியில், 1981இல் டிஸ்னியின் குழு ஒரு ரயிலை அமைத்துக் கொடுத்தது. பூங்காவுக்கு வெளியே விற்கப்பட்டது அது ஒன்றுதான். நகரங்கள் அதை வாங்கியிருக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது, பணியில் இருந்த நாட்களின் குரல் அவருக்குத் திரும்பியிருந்தது.

10 நவம்பர், ஞாயிறு

நம்பிக்கைக்கு ஒரு சான்று இருக்கிறது. அதை எழுதி வைக்கிறேன். டுமாரோலேண்டில் 1959இல் தொடங்கிய நீர்மூழ்கிச் சவாரியை 1998இல் மூடினார்கள். குளம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. அதுவும் இடிபடும் என்றார்கள். 2007 ஜூனில் நீமோ மீனின் கதையோடு அது திரும்ப வந்தது. பழைய நீர்மூழ்கிகளையே டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றினார்கள். மூடப்பட்டது அப்படியே மீளவில்லை. ஆனால் அது செய்த வேலை மீண்டது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

13 நவம்பர், புதன்

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். புதிய மருந்து அவரைப் பகலிலும் உறங்கவைக்கிறது.

15 நவம்பர், வெள்ளி

டிஸ்னியின் திரைப்பட இளவரசி டியானாவின் (Tiana) சவாரி இன்று அனாஹைமில் திறக்கிறது. 1989இல் தொடங்கி 2023 மே 31 அன்று மூடப்பட்ட ஸ்ப்ளாஷ் மவுண்டனின் அதே ஓடைக்கும் அதே சரிவுக்கும் புதிய கதை கொடுத்திருக்கிறார்கள். பழைய கதை, கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காக நெடுங்காலம் கண்டிக்கப்பட்ட ஒரு திரைப்படத்திலிருந்து வந்தது. அது போனது சரியே. ஸ்ப்ளாஷ் மவுண்டனில் பாடிய விலங்குப் பொம்மைகளில் பலவும் டுமாரோலேண்டில் 1988 வரை நடந்த அமெரிக்கா சிங்ஸ் என்ற காட்சியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவை என்பதை அண்ணன் மகன் இன்றுதான் அறிந்தான்; அவனுக்கு அது பெரும் வியப்பு. ஒரு பூங்காவில் எதற்கும் மாற்று வெறுமையிலிருந்து வருவதில்லை. பழைய எலும்பின் மேல்தான் புதிய தசை வளர்கிறது. அங்கே ஓடையும் சரிவும் மதிக்கப்பட்டன. ராக்கெட் ராட்ஸில் எலும்பை யாரும் கேட்கவில்லை.

20 நவம்பர், புதன்

எதையும் கட்ட வேண்டாம். வெறுமையாகவே இருக்கட்டும்.

21 நவம்பர், வியாழன்

நேற்று எழுதியதை அடிக்கவில்லை. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், மாலை 6 மணிக்குப் பிறகு, அப்படித்தான் தோன்றியது. கடந்த ஆகஸ்டில் அனாஹைமில் நடந்த டி23 என்ற டிஸ்னி ரசிகர் விழாவின் அறிவிப்புகளில் கலிபோர்னியா பூங்காக்களுக்கென்று அவதார் வந்தது, கோக்கோ வந்தது, அவெஞ்சர்ஸுக்கு மேலும் சவாரிகள் வந்தன. அந்தத் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எவரும் பெயர் சொல்லாத ஒன்றின் மேல் ஆசை வைப்பது உடலைக் களைப்பாக்குகிறது.

24 நவம்பர், ஞாயிறு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தலையணையை உயர்த்தி வைத்தால் பேசுகிறார். வந்ததும் என் வாதத்தைத்தான் சோதித்தார்.

திரும்பக் கொண்டுவரச் சொல்கிறாயே அம்மா, இன்றைய விதிகளுக்கு அந்தத் தடம் ஈடுகொடுக்குமா என்று கேட்டார். நடுவழியில் வண்டி நின்றால் மக்கள் இறங்கி நடக்கத் தடத்தை ஒட்டிக் கைப்பிடியோடு கூடிய நடைபாதை வேண்டும். அந்த மெல்லிய தடத்தின் ஓரத்தில் அதற்கு இடம் இல்லை. நடைபாதையைச் சேர்த்தால் எடை கூடும்; எடை கூடினால் தூண்களைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஓடும் பெட்டிகளுக்கு இடையே தாவிய இளைஞர்கள் இருவர், ஒருவர் 1967இலும் மற்றவர் 1980இலும், அங்கே உயிரிழந்தார்கள். மெதுவாகப் போவது மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்றும் சொன்னார். பிறகு, இவ்வளவு காலமும் நான் பேசாத ஒன்றைக் கேட்டார். சக்கர நாற்காலியில் வருபவர் அந்தச் சுழலும் மேடையில் எப்படி ஏறுவார்?

புளோரிடாவில் இன்றும், நாற்காலியை விட்டு எழுந்து தாமே நடக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே பீப்பிள்மூவரில் இடம். பாட்டி அன்று ஏறினார். அவருக்குக் கால் இருந்தது. எல்லோரும் ஒரே பெட்டியில் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பொருளோடு எழுதியிருந்தால், நான் கேட்க வேண்டியது பழைய பீப்பிள்மூவர் அன்று. நிற்கத் தெரிந்த பீப்பிள்மூவர்.

28 நவம்பர், வியாழன்

கடலில் சுழல் வலுக்கிறது. அண்ணன் மகன் ரோலர் கோஸ்டர் படங்களைச் சுருட்டிவிட்டு, நிலையத்துக்கென்று புதிய வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறான். வேகத்தை அவன் விட்டுவிட்டான் என்று நான் நம்பவில்லை. தாத்தாவின் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல் இன்றிரவு கரையைக் கடக்கும் என்கிறார்கள். விமான நிலையத்தை மூடிவிட்டதால் அண்ணன் வர முடியவில்லை. மின்சாரம் போய் வருகிறது. அப்பாவின் கருவிக்கு இன்வெர்ட்டர் தாங்குகிறது.

வரைபடத்தை மூவரும் பார்த்தோம். பிரதான தடத்திலிருந்து நிலையத்துக்குள் ஒரு கிளைத் தடம் பிரிகிறது; ரயில் நிலையங்களில் உள்ள லூப் லைன் போலத்தான். மற்ற வண்டிகள் நில்லாமல் ஓட, ஒரு வண்டி மட்டும் கிளையில் வந்து முழுவதுமாக நிற்கும். பெட்டியின் பக்கச் சுவர் மேடைக்குச் சமமாக இறங்கும். நாற்காலி உருண்டு உள்ளே போகும். லீனியர் மோட்டார் என்றால் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக நிறுத்தவும் கிளப்பவும் முடியும் என்கிறான் அவன். சித்தப்பாகூட, தூண்களை இடிப்பதானால் இதற்காக இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று தொலைபேசியில் இறங்கி வந்தார். அதற்கு நான் சம்மதிக்கிறேன். தூண் பழையதாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தலைக்கு மேல் மெதுவாக ஏதோ ஒன்று ஓட வேண்டும், அதில் அப்பா ஏற முடிய வேண்டும்.

அப்பாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. கிளையில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும், அதற்குள் பின்னால் எத்தனை வண்டிகள் கடந்துபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாற்காலியை உள்ளே ஏற்றிப் பூட்ட 90 நொடிகள் என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கியிருக்கிறோம்.