கடவுச்சொல் கேட்டது, சாளரம் வரவில்லை

கானாடுகாத்தானில் இருக்கும் என் அம்மான், பர்மா காலத்துப் பேரேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறார். பழைய கணினி, டெபியன் லினக்ஸ், எல்எக்ஸ்டிஇ மேசைச்சூழல். போன மாதம் அதில் புதிய பதிப்பை நிறுவிக் கொடுத்தேன். மறுநாளே போன் வந்தது. "நீ வைத்துக் கொடுத்த பெட்டகம் திறக்கவில்லையேப்பா."

பெட்டகம் என்பது மெனுவில் நான் வைத்த பெயர். ஸ்கேன்கள் இருக்கும் இரண்டாவது டிஸ்க், ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கின் பெயரில் இருந்தது. அதனால் பிசிமேன்எஃப்எம் கோப்பு மேலாளரை நிர்வாகி உரிமையுடன் திறக்க ஒரு டெஸ்க்டாப் கோப்பு எழுதியிருந்தேன். எந்த நிரலை ஓட்டுவது என்று சொல்லும் அதன் எக்ஸெக் வரி, கடவுச்சொல் கேட்டு நிர்வாகி உரிமை தரும் ஜிகேசூ என்ற நிரலை அழைத்தது. டெபியன் அதை 2018-இலேயே கைவிட்டுவிட்டது. மெனு பதிவு அம்மானின் ஹோம் அடைவில் இருந்ததால் பழைய சாமான்களோடு வந்து சேர்ந்தது. அது தேடிய நிரல்தான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினேன். ஜிகேசூ இருந்த இடத்தில், அதே வேலையைச் செய்யும் பிகேஎக்ஸெக் என்று மாற்றினால் ஐந்து நிமிட வேலை என்பது என் கணக்கு. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தோம், பெட்டி மூடியது. அவ்வளவுதான். பட்டாலையில் உட்கார்ந்து இருவரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டெர்மினலில் ஓட்டியபோது, டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்றது. சாதாரணப் பயனரின் சூழல் மாறிகள், அதாவது நிரலோடு கூடவே போகும் அமைப்புக் குறிப்புகள், ரூட்டின் நிரலை ஏமாற்றிவிடக்கூடும் என்பதால் பிகேஎக்ஸெக் அவற்றைத் துடைத்துவிடுகிறது. எந்தத் திரை என்று சொல்லும் டிஸ்பிளேயும், அதில் வரைய அனுமதி தரும் எக்ஸ்அத்தாரிட்டியும் கூடவே போய்விடுகின்றன. அவ்விரண்டையும் கட்டளையிலேயே சேர்த்துக் கொடுத்தேன், டெர்மினலில் திறந்தது. அதே வரியை மெனுவில் போட்டால் மறுபடியும் மௌனம். டாலர் குறியிட்ட மாறிகளை விரித்துப் படிக்கும் வேலையை, டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் செய்கிறது. மெனுவோ எக்ஸெக் வரியை ஷெல்லிடம் கொடுப்பதே இல்லை. இது புரிவதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

சாப்பிட்டு வந்து முறையான வழிக்குப் போனேன். எந்த நிரலுக்கு என்ன உரிமை என்று பிகேஎக்ஸெக்குக்குத் தீர்மானித்துச் சொல்லும் பாலிகிட்டின் ஆக்ஷன்ஸ் அடைவில் சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று: நிரலின் முழுப் பாதை, நிர்வாகி கடவுச்சொல் வேண்டும் என்ற நிபந்தனை, 'அலவ் ஜியுஐ' என்பதற்கு 'ட்ரூ'. இந்தக் கடைசி வரிதான் டிஸ்பிளேயையும் எக்ஸ்அத்தாரிட்டியையும் உள்ளே விடுகிறது. மெனுவில் சொடுக்கினேன், பெட்டகம் திறந்தது. அம்மான் உடனே அன்றைய ஸ்கேன்களை அதில் நகலெடுத்து வைத்தார்.

ஒன்றின் பெயர் தவறு. வழக்கமான சாளரத்திலிருந்து மாற்றப் போனார். அனுமதி இல்லை என்றது. பெயரை மாற்ற, கோப்பு இருக்கும் அடைவில் எழுதும் உரிமை வேண்டும்; அந்த அடைவு ரூட்டுடையது. ரூட்டாக நகலெடுத்ததால் அந்தக் கோப்புகளும் ரூட்டுக்கே சொந்தமாகியிருந்தன.

"என் வீட்டுப் பேரேட்டுக்கு நான் யாரிடம் அனுமதி கேட்பது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டு டிஸ்க்கை அவர் பெயருக்கு எழுதிக் கொடுக்காமல், ஒவ்வொரு முறையும் ரூட்டின் சாவியை வாங்கித் திறக்கும்படி அன்றே வைத்துவிட்டவன் நான். கோப்புகளின் உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை ஒன்றே ஒன்று. அந்த அடைவு முழுவதும் அவர் பெயருக்கு மாறியது. காலை முழுவதும் போராடி, சாப்பிட்ட பிறகு எழுதிய பாலிகிட் கோப்பை அழித்தேன். பெட்டகம் இப்போதும் மெனுவில் இருக்கிறது, கடவுச்சொல் கேட்பதில்லை.