ஆபா எண் இருக்கு, ரிப்போர்ட் எங்கே?

கிருஷ்ணகிரியில் லேப் வைத்திருக்கும் ஒரு அண்ணன் போன வாரம் கேட்டார்: "ஏன் தம்பி, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், ஆபா நம்பரும் போட்டாச்சு, அப்புறம் ஏன் சனங்க இன்னும் கட்டப்பையில பைலத் தூக்கிட்டு அலையறாங்க?" ஆஸ்பத்திரிகளுக்கும் லேப்களுக்கும் சாப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில், ஆபா என்பது மத்திய அரசு தரும் மருத்துவ அடையாள எண், அந்த 14 இலக்க எண்ணுக்குள் எந்த ரிப்போர்ட்டும் கிடையாது. 2020 ஆகஸ்டில் சில யூனியன் பிரதேசங்களில் (புதுச்சேரியும் அதில் ஒன்று) சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் ஏற்பாடே அப்படித்தான். ரிப்போர்ட் எந்த லேபில் உருவானதோ அங்கேயே இருக்கும், நோயாளி சம்மதம் கொடுத்தால் கேட்கிற டாக்டருக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஓபி வாசலில் க்யூஆர் ஸ்கேன் செய்து டோக்கன் வாங்கியதுமே எல்லாம் இணைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அங்கே போனது பேர், வயது, முகவரி மாதிரியான விவரம், அவ்வளவுதான். போன மாதம் பார்த்த கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) போக வேண்டுமானால் லேப் சாப்ட்வேர் அந்த ரிப்போர்ட்டை ஆபாவோடு கோத்து வைத்திருக்க வேண்டும், டாக்டர் பக்கத்து சாப்ட்வேருக்கும் அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

சரி, கோத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரைக்கு ஒரு லேபில் எஃப்பிஎஸ், அடுத்த லேபில் ஷுகர் பாஸ்டிங், மூன்றாவதில் குளுக்கோஸ் எஃப். டாக்டருக்கு மூன்றும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு மூன்றும் வேறு வேறு டெஸ்ட். இதற்காகத்தான் லாயிங்க் என்று உலகம் முழுக்க ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இந்த டெஸ்டின் எண் 1558-6. யாராவது உட்கார்ந்து லேபின் ஒவ்வொரு டெஸ்டுக்கும் இந்த எண்ணைப் பொருத்த வேண்டும். அதை சாப்ட்வேர்காரர் செய்வார் என்று லேப் சொல்லும், லேப்தான் செய்ய வேண்டும் என்று சாப்ட்வேர்காரர் சொல்வார் (நாங்களும் சொல்லியிருக்கிறோம்). கடைசியில் குறுக்கு வழி ஒன்று பிறக்கும்: ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக்கி, ஃபயர் என்று நாங்கள் கூப்பிடும் எஃப்ஹெச்ஐஆர் (மருத்துவத் தகவலை ஒரு சாப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் பொது வடிவம்) உறைக்குள் போட்டு அனுப்பிவிடுவது. உறை மேல் விலாசம் சரியாக இருக்கும், உள்ளே இருப்பது கடிதத்தின் போட்டோ. விதிப்படி செல்லும். டாக்டர் திறந்து படிக்கலாம். ஆனால் இரண்டு வருடத்தில் கிரியேட்டினின் எப்படி ஏறியது என்று கோடு வரைந்து காட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் கையை விரிக்கும். ரிப்போர்ட்டை ஆபாவோடு கோப்பவர்களுக்காக 2023 ஜனவரியில் வந்த அரசு ஊக்கத்தொகைத் திட்டமும் எத்தனை கோத்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பணம் தருவதாக அமைந்தது, அதனால் இந்தக் குறுக்கு வழி சீக்கிரம் ஒழியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி ஆள் யார் என்பது. முனியம்மாள் என்று நம் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் ஒய் இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது, ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், லேப் ரசீதில் வெறும் முனியம்மா, வயது 55. பிறந்த தேதியைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் நிறையப் பேருக்கு அது ஜனவரி 1. போன் நம்பர் மகனுடையது, அதே நம்பரில்தான் அப்பா, அத்தை, பாட்டி எல்லோரும் பதிவு. சம்மதம் கேட்டு ஓடிபி போகும்போது அந்த மகன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டில் இருப்பான், போன் லாக்கரில் இருக்கும். ஒருவரின் ரிப்போர்ட் இரண்டு பேராகப் பிரிந்து கிடந்தால்கூடப் பரவாயில்லை, கையில் இருக்கும் பைல் காப்பாற்றும். இரண்டு முனியம்மாளை ஒருவராகச் சேர்த்துவிட்டால், ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து இன்னொருவர் பட்டியலில் உட்காரும், எது யாருடையது என்றே தெரியாது. அதனால்தான் பெயர் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்று மெஷினே சேர்க்கும் வசதியை நான் எந்த இடத்திலும் ஆன் செய்து கொடுப்பதில்லை.

அரசுப் பக்கத்திலும் எண்கள் பல: கர்ப்பிணிக்கு பிக்மி, காசநோய்க்கு நிக்ஷய், காப்பீட்டுக்குத் தனி அட்டை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலில் தன்னார்வலர் அளக்கும் பிபியும், டவுனில் தனியார் லேபில் பார்த்த கிரியேட்டினினும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் டாக்டருக்கு எவ்வளவு வசதி! ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் நிம்ஹான்ஸ், அது இது என்று பெங்களூர் போய் வருகிறவர்கள், அவர்களுக்கு மாநிலத்துக்குள் மட்டும் இணைத்தால் போதவே போதாது.

புதிதாக சாப்ட்வேர் வாங்கப் போகிற சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் டெமோவில் கலர் டாஷ்போர்டைப் பார்த்து மயங்க வேண்டாம், எங்கள் கம்பெனி டெமோவாக இருந்தாலும் சரி. இரண்டு வேறு லேபிலிருந்து வந்த, ஒரே நோயாளியின் கிரியேட்டினினை ஒரே கோட்டில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். "அடுத்த வெர்ஷன்ல வந்துரும் சார்" என்றால், மீதிப் பணத்தையும் அடுத்த வெர்ஷனில் கொடுத்துக்கொள்ளலாம்.