புளியும் செப்புச் செம்பும்

அக்காவின் மகள் இந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுதுகிறாள். ஞாயிறு பின்னேரம் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள், கடந்தகால வினாத்தாள் கட்டோடு. அமிலமும் உலோகமும் வரும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் எழுதியிருந்தாள்: உப்பும் ஐதரசனும். செப்புக்கும் அதே.

"உலோகங்களைத் தாக்குதிறன்படி அடுக்கின தாக்கவீதத் தொடரில் செப்பு ஐதரசனுக்குக் கீழே மகள், ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில போட்டா சும்மா கிடக்கும்" என்றேன்.

"அப்ப அம்மம்மா புளி போட்டுத் தேய்க்க செம்பு மினுங்குதே மாமா?"

நல்ல கேள்வி. பரீட்சைத்தாளில் இப்படிக் கேட்க மாட்டார்கள்! குசினியில் இருந்து அந்தச் செம்பையே எடுத்து வந்தோம். புளி பட்ட இடம் இளஞ்சிவப்பாகப் பளிச்சிட்டது, ஒரு குமிழி கூட இல்லை. புளியின் அமிலம் கரைத்தது செப்பை அல்ல, செப்பு ஒட்சிசனோடு சேர்ந்து மேலே படிந்திருந்த ஒட்சைட்டை. ஒட்சைட்டு அமிலத்தோடு சேர்ந்தால் உப்பும் நீரும்தான், ஐதரசனுக்கு அங்கே வேலையே இல்லை.

அப்புறம் கணக்கு. 2.4 கிராம் மகனீசியம், 0.1 மூல் (பதார்த்தத்தின் அளவைச் சொல்லும் அலகு) ஐதரோகுளோரிக் அமிலம், எவ்வளவு ஐதரசன் வாயு வரும்? மகனீசியமும் 0.1 மூல் என்பதால் வாயுவும் 0.1 என்று எழுதிவிட்டாள். ஒரு மகனீசியத்துக்கு இரண்டு மூல் அமிலம் வேண்டும். அமிலம் முதலில் முடியும், வாயு 0.05 மூல், 1.2 கிராம் மகனீசியம் மிச்சம். நானும் அந்தக் காலத்தில் இதே இடத்தில்தான் புள்ளியை விட்டேன், அதை அவளிடம் சொல்லவில்லை.

அம்மா வந்து செம்பைக் கேட்டா. பாதி மினுங்கி, பாதி கறுப்பாக இருந்தது.