அப்பத்தாவின் அரக்குக் கண்டாங்கி

அப்பத்தா திண்ணைத் தூணில் சாய்ந்து வெற்றிலை மடிக்கும் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். அரக்குக் கண்டாங்கியின் கட்டங்கள் என் கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கைக்கு வந்த படத்தில் ஒன்றைக்கூடக் காணவில்லை. மடி முழுக்க ஒரே இருட்டு.

கடைக்காரரிடம் கேட்டேன். அவர் அதே படத்தைத் தம்முடைய திரையில் திறந்து காட்டினார். அங்கேயும் இருட்டுதான். கோளாறு என் மேசையில் இருந்தது.

மானிட்டர் வாங்கிய நாளிலிருந்து அதன் பிரைட்னஸ் 90. அத்தனை வெளிச்சத்தில் எல்லாப் படமும் தூக்கலாகத் தெரிய, நான்தான் படத்தைக் கருக்கிக் கருக்கிச் சேமித்திருக்கிறேன். காகிதத்துக்குச் சொந்த ஒளி ஏது? அறையின் வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை திரையைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். திரையை அரை மணி நேரம் எரியவிட்டேன். இரவுநேர மஞ்சள் ஒளியையும், தானாகக் கூடிக் குறையும் கான்ட்ராஸ்டையும் நிறுத்தினேன். நிறம் ‘கூல்’ என்பதில் இருந்தது. பகல் வெளிச்சத்தை ஒட்டிய வெண்மையான 6500 கெல்வினுக்கு மாற்றியதும் அப்பத்தாவின் நரையில் படர்ந்திருந்த நீலம் போய்விட்டது.

அடுத்தது வெளிச்சம். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்வரை குறைத்தேன். 35இல் வந்து நின்றது. சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது பலரும் கைக்கொள்ளும் அளவு. அதைத் துல்லியமாகச் சொல்ல அளவுகருவி வேண்டும். என்னிடம் இருந்தது தாள்தான்.

இனி நான் செய்ததை நீங்களும் அவசியம் செய்து பாருங்கள். படத்தில் வெளிச்சத்தை 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை எண்ணால் குறிப்பார்கள். கறுப்புப் பின்னணியில் (மதிப்பு 0) 5, 10, 15, 20 என்ற மதிப்புகளில் நான்கு சாம்பல் கட்டங்கள் வரையுங்கள். வெள்ளைப் பின்னணியில் (255) 250, 245, 240 என மூன்று. அறை விளக்கைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். எனக்கு வெள்ளையில் 240 மட்டும் தெரிந்தது. கான்ட்ராஸ்டை 85இலிருந்து 70க்கு இறக்கியதும் மற்ற இரண்டும் பிரிந்து வந்தன. கறுப்பில் 5 தெரியவே இல்லை. மெனுவில் காமாவை (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்கள் எவ்வளவு துலங்க வேண்டும் என்பதற்கான அமைப்பு) 2.2க்கு மாற்றிய பிறகு, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்படி அதன் ஓரம் எட்டிப்பார்த்தது. அந்த அளவு போதும். அதற்குமேல் துலங்கினால் கறுப்பு வெளிறிவிடும். திரைக்கு நேராக உட்கார்ந்து பார்ப்பதும் முக்கியம். என் பழைய மடிக்கணினியில் மூடியை இரண்டு விரல் சாய்த்தாலே நிழல்கள் மாறிவிடும்.

பிறகு அப்பத்தா படத்தைத் திறந்தேன். கடையில் பார்த்த அதே இருட்டு! நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கட்டங்கள் வந்தன. பெருவிரல் நுனியில் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொட்டும் வெள்ளையில் கரையாமல் தனியாக நின்றது.

மறுபடியும் அதே கடையில் பிரிண்ட் போட்டேன். அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேலைக் கட்டங்களின்மேல் விரலை ஓட்டினார். அது தாத்தா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலை என்று அப்போதுதான் சொன்னார்.