வாசற்படியில் படுத்திருப்பது

மார்ச் 5, சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள்
ஆராதனை முடிந்து, நெற்றிச் சாம்பல் அழியுமுன்பே, அண்ணன் என் செய்தியைப் பார்த்துவிட்டாரா என்று கைப்பேசியைத் திறந்தேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை.

மார்ச் 7
இன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு
லூக்கா 4-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது: வனாந்தரத்தில் பட்டினி கிடந்த இயேசுவை, கல்லை அப்பமாக்கச் சொல்லிப் பிசாசு சோதிக்கும் பகுதி. அப்பமும் பாவமல்ல, 40 நாள் பசியும் பாவமல்ல. அந்த முதல் சோதனை கேட்பவனுக்கு முழு நியாயமாகவே தோன்றும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறைக்கவில்லை. விலக்கப்பட்ட ஏதோவொன்றோடு சத்துரு வருவான் என்று நான் ஒரு வாசலைக் காத்துக்கொண்டிருக்க, அவன் நியாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மறுவாசல் வழியாக வந்து, "அம்மாவை உன் தலையில் கட்டிவிட்டுப் போனவர் அண்ணன்தானே, அவரே முதலில் பேசட்டும்" என்று என் குரலிலேயே பேசுகிறான்.

மார்ச் 12
நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்னும் துறவி, மனிதனைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். அவற்றுள் சோர்வை அவர் நண்பகல் பிசாசு என்கிறார்: அது பொழுதை நகரவிடாமல் செய்து, யாராவது வருகிறார்களா என்று துறவியை ஓயாமல் ஜன்னல் பக்கம் பார்க்க வைக்குமாம். என் ஜன்னல் உள்ளங்கை அளவுதான். கோபத்தைப் பற்றி அவர் சொல்வது இன்னும் சங்கடமானது. ஜெப வேளையில்தான் அது மனத்தைப் பறித்து, நம்மை நோகடித்தவரின் முகத்தைக் கண்முன் நிறுத்துகிறதாம். இன்று காலை நான் யாருடைய முகத்தின் முன் முழங்காலில் நின்றேன் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 13
எல்லாப் பழியையும் பிசாசின் மேல் போட்டுவிடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. வேதத்தில் யாக்கோபின் நிருபம் அதற்கு இடம் தரவில்லை: அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டுச் சிக்குண்கிறான். ஆனாலும் தன் தம்பி ஆபேல்மேல் எரிச்சல்கொண்ட காயீனிடம் கர்த்தர் பேசும்போது, பாவம் வாசற்படியில் படுத்திருக்கும் என்கிறார். வெளியே காத்திருப்பதும் உண்மை, கதவைத் திறக்கிற கை என்னுடையது என்பதும் உண்மை.

மார்ச் 16
அம்மாவின் பரிசோதனை முடிவு வியாழக்கிழமைதான் வருமாம். ஜெபிக்க முடியவில்லை.

மார்ச் 18
மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல நம் போராட்டம் என்று வேதத்தில் எபேசியர் நிருபம் 6:12 சொல்கிறது. அண்ணனைவிட நெருங்கிய இரத்தம் எனக்கு ஏது? சத்துரு என்று நான் இத்தனை நாள் அடையாளம் வைத்திருந்த ஆள் தவறான ஆள். சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணிய வேண்டும், பிசாசுக்கு இடங்கொடுக்கக் கூடாது என்று அதே நிருபம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. எண்ணிப் பார்த்தேன், அவரோடு பேசாமல் 41 அஸ்தமனங்கள் கழிந்துவிட்டன.

மார்ச் 20, வியாழன்
அண்ணன் அழைத்தார். பெயரைக் கண்டதும், "இன்னும் இரண்டு முறை மணி அடிக்கட்டும்" என்றது மனம். அது யாருடைய குரல் என்று நான் தெரிந்துகொள்வதற்குள் அழைப்பு நின்றுவிட்டது.

முடிவு இன்னும் வரவில்லை. நான் திரும்ப அழைக்கப் போகிறேன்.