நாலு முழம், எட்டு முழம்: பழைய கேமராவில் ஃபோகஸ் பிடிப்பது

பரணிலிருந்து இறக்கிய பிலிம் கேமராவில் ஷட்டர் சடக்கென்று விழுந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி ரோல் போட்டுவிடுகிறோம். ஷட்டர் சத்தம் பாதிச் சேதிதான். கண்ணுக்கு எந்தத் தூரம் தெளிவாகத் தெரிகிறதோ, அதே தூரம் பிலிமிலும் தெளிவாக விழ வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டால், 36 படமும் கழுவி வந்த பிறகுதான் விஷயம் தெரியும்: நோம்பிக்குக் கூடி நின்றவர்கள் மங்கல், பின்னால் இருந்த சுவர் பளிச்.

முதலில் கையிலிருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஆக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் ஃபோகஸ் வளையமே கிடையாது. 120 ரோலில் 12 சதுரப் படம் எடுக்கும்; ஆளை ரொம்பக் கிட்டத்தில் நிறுத்தாமல் இருந்தால் சரி. மற்றவை நான்கு வகை: தூரத்தைக் கணித்து வைப்பவை, ரேஞ்ச்ஃபைண்டர், எஸ்.எல்.ஆர். (படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே கண்ணாடி வைத்துப் பார்ப்பது), இரட்டை லென்ஸ் கேமரா.

கணித்து வைக்கும் கேமராவில் லென்ஸைச் சுற்றி 3.5, 5, 7, 10, 15 என்று அடிக்கணக்கு இருக்கும். இங்கே நமக்கு முழக்கணக்கு கைகொடுக்கும். ஒரு முழம் ஒன்றரை அடி. நாலு முழ வேட்டியை விரித்தால் 6 அடி, எட்டு முழம் என்றால் 12 அடி. வேட்டி கட்டிப் பழகிய, தறி பார்த்து வளர்ந்த ஊரில் இந்த இரண்டு நீளமும் கண்ணுக்கு மனப்பாடம். ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு வேட்டியை மனதுக்குள் விரித்துப் பாருங்கள். அடிக்கணக்கில் யோசிப்பதைவிடப் பிசகு குறையும். (கடை வேட்டி இதைவிடக் கொஞ்சம் நீளமாகவே வரும். கணக்குக்கு முழத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.)

எவ்வளவு பிசகலாம் என்பது அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையைப் பொறுத்தது; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். 45 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 12 அடிக்கு வளையத்தைத் திருப்பினால், சுமார் எட்டரை அடியிலிருந்து 21 அடி வரை எல்லாம் தெளிவு. வாசலில் நிற்கும் குடும்பம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். அதே லென்ஸை எஃப் 2.8-ல் திறந்து 6 அடிக்கு வைத்தால், தெளிவு ஐந்தரை அடிக்கும் ஆறரை அடிக்கும் நடுவில்தான். அதனால் இந்த வகைக் கேமராவை வெயிலில் எடுங்கள். நம் பக்கத்து நடுப்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100 ரோலுக்கு எஃப் 16, ஷட்டர் 1/125 நொடி போதும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 16-ல் 5 மீட்டருக்கு வைத்துவிட்டால், சுமார் 2.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கவலையில்லை. ஒரு எச்சரிக்கை: பல லென்ஸ்களில் அடியும் மீட்டரும் இரண்டு நிறத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். 5 அடிக்குப் பதிலாக 5 மீட்டரில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது ரேஞ்ச்ஃபைண்டர். லென்ஸோடு இணைத்த ரேஞ்ச்ஃபைண்டர் லைக்காவில் 1932-ல், லைக்கா 2 மாடலில் வந்தது. பிற்பாடு யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் எல்லாம் இதே வழிதான். முன்பக்கத்துச் சின்ன ஜன்னலில் நுழையும் ஒளி, லென்ஸோடு சேர்ந்து அசையும் ஒரு கண்ணாடியில் பட்டு, பாதி ஒளி விடும் இன்னொரு கண்ணாடி வழியாகப் பிரதான காட்சியின் நடுவே விழும். மஞ்சளாக ஒரு கட்டம் தெரியும். அதற்குள் பொருள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் முடிந்தது.

இந்தக் கட்டம் பக்கவாட்டில்தான் நகரும். ஆகவே செங்குத்தான கோடு வேண்டும்: தூண், கதவு நிலை, சட்டைப் பொத்தான் வரிசை. குறுக்குக் கோடு மட்டும் இருந்தால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டுத் திரும்புங்கள். ஒரே மாதிரி கோடுகள் வரிசையாக வந்தாலும் ஏமாறுவோம். கொடியில் தொங்கும் பவானி ஜமுக்காளத்தில் ஒரு பட்டையின் ஓரம் அடுத்த பட்டையின் ஓரத்தோடு பொருந்தி நின்று, சேர்ந்துவிட்டதாகக் காட்டும். ஜன்னல் கம்பி, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு வரிசை எல்லாம் இப்படித்தான். பட்டையை விட்டுவிட்டு ஜமுக்காளத்தின் ஓரத்தில் பிடியுங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் உண்மை பேசுகிறதா என்று பார்க்க நிலா போதும். வளையத்தைக் கடைசிவரை, முடிவிலிக் குறிக்குத் திருப்பி, பாதி நிலாவைப் பாருங்கள். இரண்டு நிலா தெரிந்தால் சரிக்கட்ட வேண்டும். மேலும் கீழுமாகப் பிரிந்தால் படத்துக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சிரமம். பக்கவாட்டில் பிரிந்தால் ஃபோகஸே தப்பு. (1960-ல் ஊட்டியில் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தன் ரோலுக்கு வைத்த பெயர் ‘இந்து’. அந்தச் சொல்லுக்கு நிலா என்று பொருள்.) பகலில் பார்ப்பதானால் மருதமலைக் கோபுரத்தைச் சில கிலோமீட்டர் தள்ளி நின்று, காலை எட்டு மணிக்குள் பாருங்கள். அப்புறம் கானல் ஏறினால் கட்டம் நெளிய ஆரம்பிக்கும்.

கட்டம் மங்கியிருந்தால் உள்ளே இருக்கும் பாதிக்கண்ணாடியைப் பஞ்சால் துடைக்காதீர்கள். பூச்சு பஞ்சோடு வந்துவிடும், கட்டம் மொத்தமாகப் போய்விடும். காற்றடிப்பதோடு நிறுத்துங்கள். வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) முகப்பின் நடுவில், கட்டம் விழும் இடத்தில் மட்டும், சின்னதாகக் கறுப்பு டேப் ஒட்டினால் பின்புலம் இருண்டு கட்டம் எடுப்பாகத் தெரியும்.

எஸ்.எல்.ஆரில் நடு வட்டம் இரண்டாகப் பிளந்து தெரிந்தால் அது ஸ்ப்ளிட் இமேஜ்; இரண்டு பாதியும் பொருந்தினால் ஃபோகஸ். சுற்றிலும் மினுமினுக்கும் வளையம் மைக்ரோபிரிஸம்; மினுமினுப்பு அடங்கினால் ஃபோகஸ். பென்டாக்ஸ் கே1000-ல் மைக்ரோபிரிஸம் மட்டும்தான். பெரும்பாலான ஸ்ப்ளிட் இமேஜில் எஃப் 5.6 அளவுக்கு ஒளி குறைந்தால் ஒரு பாதி கறுத்துவிடும். கேமரா கெட்டுப்போகவில்லை. உள்ளே இருக்கும் இரண்டு ஆப்புக் கண்ணாடிகளும் லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து ஒளியை எடுக்கின்றன. ஓரம் அடைபட்டால் காட்சி இல்லை. கண்ணைச் சித்தெ நகர்த்திப் பாருங்கள், இல்லையென்றால் சுற்றியுள்ள மேட் திரையில் ஃபோகஸ் செய்யுங்கள்.

ஜெனிட்டோடு வரும் ஹீலியோஸ் 44-2 லென்ஸில் அப்பெர்ச்சர் தானாக மூடாது. எஃப் 2-ல் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு அப்பெர்ச்சர் வளையத்தைத் திருப்பி மூடிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். எஃப் 8-க்கு மூட மறந்தால் நான்கு ஸ்டாப் கூடுதல், அதாவது பதினாறு மடங்கு ஒளி. இந்த 58 மி.மீ. லென்ஸை எஃப் 2-ல் வைத்து 2 மீட்டரில் எடுத்தால், தெளிவு மொத்தம் 14 செ.மீ. நின்ற இடத்தில் லேசாக முன்னே சாய்ந்தாலே பாதி போய்விடும். தெளிவைத் தாண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருமுறை திருப்பி, நடுவுக்கு வந்து, மூச்சை அடக்கி உடனே அழுத்துங்கள்.

இரட்டை லென்ஸ் கேமராவில், யாஷிகா மேட் போல, மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படத்துக்கு. இடவலம் மாறித் தெரிவது பழகிவிடும். மூடியில் மடித்திருக்கும் உருப்பெருக்கியைத் தூக்கிக் கண்ணை ஒட்டிப் பாருங்கள். அது இல்லாமல் செய்யும் ஃபோகஸ் கிட்டத்துப் படங்களுக்கு உதவாது.

இனி முக்கியமான சோதனை, பிலிம் போடாத 35 மி.மீ. கேமராவில். 2 மி.மீ. கண்ணாடித் துண்டை 34 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். லேத் பட்டறையிலோ வண்டி உதிரிபாகக் கடையிலோ கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, இன்னொரு கண்ணாடிமேல் வைத்து எட்டுப் போடுவதுபோல் பத்து நிமிடம் தேயுங்கள். ஒரு பக்கம் மட்டும், ஓட்டை ஒடிசல் இல்லாமல், பனி படர்ந்தது போல ஆக வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, கூர் ஓரங்களைக் கல்லில் மழுக்குங்கள். தினசரி காலண்டரைச் சுவரில் மாட்டி, 2 மீட்டரில் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, லென்ஸை முழுக்கத் திறந்து, தேதியின்கீழ் உள்ள பொடி எழுத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டரைப் பி-யில் (அழுத்திப் பிடிக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, பூட்டும் கேபிளால் திறந்தே நிறுத்துங்கள். கண்ணாடியின் தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்க, பிலிம் உட்காரும் உள் தண்டவாளத்தின்மேல் வையுங்கள். ஷட்டர் துணியில் விரல் படக்கூடாது. காலண்டர் தலைகீழாகத் தெரியும். 8 மடங்கு லூப்பில் (கை உருப்பெருக்கியில்) பொடி எழுத்து படிக்க வந்தால் கேமரா சரி. வளையத்தைச் சித்தெ திருப்பினால்தான் படிக்க வருகிறதென்றால், வ்யூஃபைண்டர் ஒன்று சொல்கிறது, பிலிம் வேறு வாங்குகிறது.

எஸ்.எல்.ஆரில் இப்படி ஆனால், லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ஓய்வெடுக்கும் இடத்தைப் பாருங்கள். அங்குள்ள பழைய ஸ்பாஞ்சு உருகிப் பிசினாகி ஒட்டியிருந்தால் கண்ணாடியின் கோணம் மாறிவிடும். யாரோ ஃபோகஸ் திரையைக் கழற்றித் திருப்பிப் போட்டிருக்கவும் கூடும். வளையம் இறுகிக் கிடந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து எண்ணெய் விடாதீர்கள். அது அப்பெர்ச்சர் இதழ்களுக்கு ஊர்ந்து போய் ஒட்டவைத்துவிடும். கழற்றித்தான் ஆகவேண்டும். மரைகள் பிரியும் அந்த நொடியில் இரண்டு பாகத்திலும் ஊசியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மரைக்குத் தொடக்கங்கள் பல. கீறல் இல்லாமல் வேறு தொடக்கத்தில் ஏற்றினால் வளையம் வழுவழுவென்று சுற்றும், ஆனால் முடிவிலிக் குறியில் நிலா தெளியாது.